இருவர் எந்த வழியில் உறவு? வம்சாவளித் தரவுத்தளத்திடம் கேட்கும் முறை

வம்சாவளிப் பதிவுகளைப் பராமரிப்பவரிடம் வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "இவரும் அவரும் என்ன முறை?" இந்தக் கேள்விக்கு விடையை முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டால் வேலை தீர்ந்தது என்று நினைத்து, "உறவு" என்று ஒரு புலம் திறந்து, "பெரியப்பா", "மாமா" என்று நிரப்பிவைத்த கோப்புகளை நிறையப் பார்த்திருக்கிறேன். யாருக்குப் பெரியப்பா? கோப்பைத் தயாரித்தவருக்கு. அவர் போன பிறகு அந்தப் புலம் யாருக்கும் உதவாது. எல்லாருக்கும் எல்லாரும் என்ன முறை என்று எழுதலாமே என்றால், 500 பேருக்கு 1,24,750 இணைகள் வரும். அதே 500 பேருக்குப் பெற்றோர்–பிள்ளைத் தொடர்பை மட்டும் எழுதினால் அதிகபட்சம் 1,000 வரிகள். மற்ற எல்லாவற்றையும் தரவுத்தளமே கண்டுபிடித்துச் சொல்லும், கேட்கத் தெரிந்தால்.

அப்படிக் கேட்கும் வினவல்களைத்தான் இங்கே எழுதுகிறேன். தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லின் அடிப்படை தெரிந்தவர்களுக்கு இது போதும். கட்டளைச் சொற்களையும் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். கணினியில் தட்டும்போது செலக்ட், ஃப்ரம், ஜாயின் போன்றவற்றை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். அட்டவணை, புலம் ஆகியவற்றின் பெயர்கள் தமிழிலேயே இருக்கலாம்; எஸ்க்யூலைட், போஸ்ட்கிரெஸ் ஆகிய தரவுத்தள மென்பொருள்கள் அவற்றை முகம் சுளிக்காமல் ஏற்கும். நான் பல காலமாக அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

அட்டவணைகள்

இரண்டு போதும். "நபர்" அட்டவணையில் எண், பெயர், பால், பிறப்பு_முன், பிறப்பு_பின், இறப்பு_முன், இறப்பு_பின். ஆண்டுக்கு ஏன் இரண்டிரண்டு புலம் என்பதைப் பிறகு சொல்கிறேன். "பெற்றோர்" அட்டவணையில் பிள்ளை_எண், பெற்றோர்_எண், பங்கு, வகை, சான்று. தந்தையானால் பங்கு 'அ', தாயானால் 'ம'. வகையில் பிறப்பு, தத்து, வளர்ப்பு ஆகியவற்றுள் ஒன்று. தெரியாவிட்டால் 'சொல்லவில்லை' என்றே எழுதுங்கள், காலியாக விடாதீர்கள்.

தந்தை_எண், தாய்_எண் என்று நபர் அட்டவணையிலேயே இரண்டு புலங்கள் வைக்கும் வழக்கம் உண்டு. அது சிறிய கோப்புக்குச் சரி. ஆனால் பெற்றவரும் தத்தெடுத்தவரும் ஒரே பிள்ளைக்கு இருக்கும்போது அந்த வடிவம் உடைந்துபோகும். தந்தை யார் என்பதற்கு இரண்டு ஆவணங்கள் இரண்டு பெயர் சொன்னாலும் அதே கதி. தனி அட்டவணையில் அது இன்னொரு வரி, அவ்வளவுதான். வினவல்களும் சுருங்கும், ஏனென்றால் தந்தைக்கு ஒரு ஜாயின், தாய்க்கு ஒரு ஜாயின் என்று இரண்டு எழுத வேண்டியதில்லை.

பங்குக்கு 'அ', 'ம' என்று எடுத்துக்கொண்டதற்கும் காரணம் உண்டு. இவை யூனிகோடில் ஒற்றைக் குறியீடுகள். 'தா' என்று வைத்தால் த ஒரு குறியீடு, துணைக்கால் இன்னொன்று. நீளத்தை அளக்கும்போதும் எழுத்தை வெட்டும்போதும் கணக்கு பிசகும். பங்கைச் சேர்த்துச் சேர்த்துத்தான் வழியை எழுதப்போகிறோம், ஆகவே இது முக்கியம்.

பிள்ளை_எண் மீது ஒரு இன்டெக்ஸ், பெற்றோர்_எண் மீது ஒரு இன்டெக்ஸ். மேலே ஏறுவதற்கு முதலாவது, கீழே இறங்குவதற்கு இரண்டாவது. வேகத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியது இவ்வளவே.

சோதனைக்கு ஒரு குடும்பம்

சொந்தத் தரவில் வினவலைச் சோதிப்பதை நான் விரும்புவதில்லை. விடை தவறாக வந்தால் தவறு வினவலிலா, தரவிலா என்று தெரியாது. விடை முன்பே தெரிந்த ஒரு குடும்பம் வேண்டும். அதுவும் சிக்கலானதாக இருக்க வேண்டும். 1661-இல் பிறந்து 1700-இல் இறந்த ஸ்பெயின் மன்னர் இரண்டாம் கார்லோஸின் குடும்பத்தைவிடச் சிக்கலானதைத் தேடிப்போக வேண்டாம். இந்தப் பட்டியலை ஏற்றுங்கள்:

1 கார்லோஸ்: தந்தை 2 நான்காம் ஃபெலிப்பே, தாய் 3 மரியானா.
2 நான்காம் ஃபெலிப்பே: 4 மூன்றாம் ஃபெலிப்பே, 5 மார்கரீட்டா.
3 மரியானா: 6 மூன்றாம் ஃபெர்டினான்ட், 7 மரியா அன்னா (1606).
7 மரியா அன்னா: மீண்டும் 4, 5.
4 மூன்றாம் ஃபெலிப்பே: 8 இரண்டாம் ஃபெலிப்பே, 9 அன்னா (1549).
5 மார்கரீட்டா: 10 ஆர்ச்டியூக் கார்ல், 11 மரியா அன்னா (1551).
6 மூன்றாம் ஃபெர்டினான்ட்: 12 இரண்டாம் ஃபெர்டினான்ட், 13 மரியா அன்னா (1574).
12 இரண்டாம் ஃபெர்டினான்ட்: மீண்டும் 10, 11.
13 மரியா அன்னா: 14 ஐந்தாம் வில்ஹெல்ம், 15 ரெனாட்டா.
8 இரண்டாம் ஃபெலிப்பே: 16 ஐந்தாம் கார்ல், 17 இசபெல்.
9 அன்னா: 18 இரண்டாம் மாக்ஸிமிலியன், 19 மரியா.
19 மரியா: மீண்டும் 16, 17.
10 ஆர்ச்டியூக் கார்ல்: 20 முதலாம் ஃபெர்டினான்ட், 21 அன்னா (1503).
11 மரியா அன்னா: 22 ஐந்தாம் ஆல்பிரெக்ட், 23 அன்னா (1528).

23 நபர், 28 பெற்றோர் வரிகள். மூன்று மரியா அன்னாக்கள், மூன்று அன்னாக்கள் இருப்பதைக் கவனியுங்கள். பெயரைச் சாவியாக வைக்கலாமா என்று இனி யாரும் என்னிடம் கேட்கக் கூடாது.

மேலே ஏறுதல்

ஒரு தலைமுறைக்கு ஒரு ஜாயின் என்று அடுக்கிக்கொண்டே போவது பழைய பாணி. எத்தனை தலைமுறை என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் அது நடக்கும். தன்னையே அழைத்துக்கொள்ளும் தற்சுழல் வினவல் 1999-ஆம் ஆண்டின் எஸ்க்யூஎல் தரத்திலேயே வந்துவிட்டது. போஸ்ட்கிரெஸில் 8.4 பதிப்பிலும் (2009), எஸ்க்யூலைட்டில் 3.8.3 பதிப்பிலும் (2014), மைஎஸ்க்யூஎல்லில் 8.0 பதிப்பிலும் (2018) சேர்ந்தது. வடிவம் இது:

வித் ரிகர்சிவ் மேல் (தொடக்கம், ஆள், தலைமுறை, வழி, தடம்) ஆஸ் (
  செலக்ட் எண், எண், 0, '', '/' || எண் || '/'
  ஃப்ரம் நபர் வேர் எண் = 1
  யூனியன் ஆல்
  செலக்ட் மே.தொடக்கம், ப.பெற்றோர்_எண், மே.தலைமுறை + 1,
    மே.வழி || ப.பங்கு, மே.தடம் || ப.பெற்றோர்_எண் || '/'
  ஃப்ரம் மேல் மே
  ஜாயின் பெற்றோர் ப ஆன் ப.பிள்ளை_எண் = மே.ஆள்
  வேர் மே.தலைமுறை < 4
    அண்ட் ப.வகை நாட் இன் ('தத்து', 'வளர்ப்பு')
    அண்ட் இன்ஸ்டர்(மே.தடம், '/' || ப.பெற்றோர்_எண் || '/') = 0
)
செலக்ட் * ஃப்ரம் மேல் ஆர்டர் பை தலைமுறை, வழி;

யூனியன் ஆலுக்கு மேலே இருப்பது தொடக்கம்: கேட்கப்பட்ட நபர், பூச்சியத் தலைமுறை. கீழே இருப்பது ஒரு படி: இப்போது கையில் இருப்பவர்களின் பெற்றோரைக் கொண்டு வா. புதிதாக யாரும் வராமல் போகும்வரை அது திரும்பத் திரும்ப ஓடும்.

இதில் இரண்டு புலங்களை விளக்க வேண்டும். "வழி" என்பது ஏறி வந்த பாதை எழுத்துகளில்: 'மமஅ' என்றால் தாயின் தாயின் தந்தை. "தடம்" என்பது அதே பாதை எண்களில்: '/1/3/7/4/'. முன்னது உறவுக்குப் பெயர் சூட்ட, பின்னது வினவல் வட்டமடிக்காமல் காக்க. ஒரே பெயருடைய தாத்தாவையும் பேரனையும் ஒரே ஆள் என்று யாரோ இணைத்துவிட்டால், ஒருவர் தனக்கே முன்னோராகிவிடுவார். தடத்தில் ஏற்கெனவே இருப்பவரை மீண்டும் ஏற்காதே என்ற அந்தக் கடைசி நிபந்தனை இல்லாமல், தலைமுறை வரம்பும் இல்லாமல் இருந்தால், வினவல் விடியும்வரை ஓடும். எண்ணின் இருபுறமும் சாய்கோடு வைத்திருப்பது 1 என்று தேடும்போது 11 சிக்காமல் இருக்க.

யூனியன் ஆலுக்குப் பதில் வெறும் யூனியன் போட்டால் வட்டம் நின்றுவிடும் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். வரிகள் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால்தான் யூனியன் அவற்றை நீக்கும். தலைமுறை எண் கூடிக்கொண்டே போகும்போது எந்த இரு வரியும் ஒன்றாக இராது. ஆகவே தலைமுறையையோ வழியையோ எடுத்துச் செல்லும் வினவலில் யூனியன் காவல் நிற்காது.

போஸ்ட்கிரெஸில் இன்ஸ்டருக்குப் பதில் எஸ்டிஆர்பாஸ். பங்கு புலம் டெக்ஸ்ட் வகையாக இருக்கட்டும். மைஎஸ்க்யூஎல்லில் இரட்டைச் செங்குத்துக் கோடு இயல்பாக "அல்லது" என்று பொருள்படும். அங்கே கான்கேட் எழுதுங்கள். தொடக்கப் பகுதியில் வரும் சரத்தின் நீளத்தையே மைஎஸ்க்யூஎல் கடைசிவரை பிடித்துக்கொள்ளும் என்பதால், காலிச் சரத்தைக் காஸ்ட் செய்து 500 எழுத்துக்கு இடம் ஒதுக்கிவிடுங்கள்.

சோதனை: தலைமுறை பூச்சியத்துக்கு மேல் இருக்கும் வரிகளை எண்ணுங்கள், பிறகு டிஸ்டிங்க்ட் போட்டு நபர்களை எண்ணுங்கள். நான்கு தலைமுறைக்கு 30 வரிகள், 22 பேர் என்று வர வேண்டும். எட்டு இடங்களில் ஏற்கெனவே வந்தவர்களே மீண்டும் வருகிறார்கள். வம்சாவளிக்காரர்கள் முன்னோரை எண்ணிடப் பயன்படுத்தும் ஐட்சிங்கர் முறை 1590-இலிருந்து இருக்கிறது: தந்தைக்கு இரட்டிப்பு, தாய்க்கு இரட்டிப்போடு ஒன்று. அழகான முறைதான். ஆனால் கார்லோஸிலிருந்து எண்ணினால் மூன்றாம் ஃபெலிப்பேக்கு 4 என்றும் வரும், 14 என்றும் வரும். அது இடத்தின் எண், ஆளின் எண் அல்ல. அச்சிடப் பயன்படுத்துங்கள், அட்டவணையில் சாவியாக வைக்காதீர்கள். வழியை எழுதி வைத்திருந்தால் இந்த எண்ணைத் தனியாகச் சேமிக்கவே வேண்டாம்: முதலில் 1, பிறகு அ-வுக்கு 0, ம-வுக்கு 1 என்று இரும எண்ணாக வாசித்தால் அதுவே ஐட்சிங்கர் எண். 'மமஅ' என்பது 1110, அதாவது 14.

பொது முன்னோர்

இருவர் இரத்த உறவு என்றால் இருவருக்கும் மேலே எங்கோ ஒரு பொது முன்னோர் இருக்கிறார். ஆகவே இருவரிடமிருந்தும் ஏறி, சந்திக்கும் இடத்தைப் பிடிக்க வேண்டும். மேலுள்ள வினவலின் தொடக்கத்தில் எண் = 1 என்பதை எண் இன் (2, 3) என்று மாற்றுங்கள். தொடக்கம் என்ற புலத்தைச் சுமந்துகொண்டு வந்தது இதற்காகத்தான். தலைமுறை வரம்பை முதலில் 3 ஆக வையுங்கள். கடைசி செலக்ட் இப்படி:

செலக்ட் இ.ஆள், இ.தலைமுறை, வ.தலைமுறை, இ.வழி, வ.வழி
ஃப்ரம் மேல் இ ஜாயின் மேல் வ ஆன் இ.ஆள் = வ.ஆள்
வேர் இ.தொடக்கம் = 2 அண்ட் வ.தொடக்கம் = 3;

கார்லோஸின் தந்தைக்கும் தாய்க்கும் உள்ள உறவைக் கேட்கிறோம். எட்டு வரிகள் வரும். மூன்றாம் ஃபெலிப்பே, மார்கரீட்டா ஒவ்வொரு முறை. இரண்டாம் ஃபெலிப்பே, அன்னா ஒவ்வொரு முறை. ஆர்ச்டியூக் கார்லும் மரியா அன்னாவும் இரண்டிரண்டு முறை. பூச்சியத் தலைமுறையிலிருந்து தொடங்கியதன் பயன், ஒருவர் மற்றவருக்கு நேர் முன்னோராக இருந்தாலும் இதே வினவல் பிடித்துவிடும் என்பது.

எட்டு வரியும் உண்மை. ஆனால் எட்டும் எட்டு உறவுகள் அல்ல. மூன்றாம் ஃபெலிப்பே பொதுவானவர் என்றால் அவருடைய தந்தை இரண்டாம் ஃபெலிப்பேயும் பொதுவானவராகத்தான் இருப்பார். அது புதிய செய்தி இல்லை. இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் கையை வைப்பது மின் என்ற செயல்பாட்டில்: தலைமுறைக் கூட்டுத்தொகை எது குறைவோ அதை மட்டும் எடு. அப்படிச் செய்தால் மூன்றாம் ஃபெலிப்பேயும் மார்கரீட்டாவும் மட்டும் நிற்பார்கள், இன்னொரு உண்மையான உறவு காணாமல் போகும். மரியானாவின் தந்தை மூன்றாம் ஃபெர்டினான்டும் நான்காம் ஃபெலிப்பேயும் ஆர்ச்டியூக் கார்லின் பேரன்கள். அது மூன்றாம் ஃபெலிப்பே வழியாக வராத தனி உறவு.

அடுத்த யோசனை, பொது முன்னோருக்குச் சற்று முன்னால் வந்தவர் இரு பாதையிலும் ஒருவரேயானால் அந்த வரியைத் தள்ளு என்பது. இந்த எட்டு வரிகளுக்கு அது சரியாக வேலை செய்யும். வரம்பை 5 ஆக்கினால் ஏமாற்றிவிடும். நான்காம் ஃபெலிப்பேயிடமிருந்து மூன்றாம் ஃபெலிப்பே, இரண்டாம் ஃபெலிப்பே வழியாக ஐந்தாம் கார்ல் வருகிறார். மரியானாவிடமிருந்து மரியா அன்னா, மூன்றாம் ஃபெலிப்பே, அன்னா, மரியா வழியாகவும் ஐந்தாம் கார்ல் வருகிறார். கடைசிக்கு முன்னால் ஒருபுறம் இரண்டாம் ஃபெலிப்பே, மறுபுறம் மரியா. வேறு வேறு ஆட்கள். ஆனால் இரு பாதையும் நடுவில் மூன்றாம் ஃபெலிப்பேயிடம் ஏற்கெனவே சந்தித்துவிட்டன.

ஆகவே விதி இதுதான்: பொது முன்னோரைத் தவிர வேறு யாரும் இரண்டு பாதையிலும் இருக்கக் கூடாது. தடத்தை வைத்து அதை எழுதிவிடலாம்.

அண்ட் நாட் எக்சிஸ்ட்ஸ் (
  செலக்ட் 1 ஃப்ரம் நபர் ந
  வேர் ந.எண் <> இ.ஆள்
    அண்ட் இன்ஸ்டர்(இ.தடம், '/' || ந.எண் || '/') > 0
    அண்ட் இன்ஸ்டர்(வ.தடம், '/' || ந.எண் || '/') > 0
)

மூன்று தலைமுறை வரம்பில் எட்டு வரி நான்காகும். மூன்றாம் ஃபெலிப்பேயும் மார்கரீட்டாவும் 1, 2 என்ற தலைமுறைகளோடு; ஆர்ச்டியூக் கார்லும் மரியா அன்னாவும் 2, 3 என்ற தலைமுறைகளோடு. போஸ்ட்கிரெஸ் வைத்திருப்பவர்கள் தடத்தை அணியாக வைத்து, பொது முன்னோரை நீக்கிவிட்டு, இரு அணிகள் ஒன்றோடொன்று மேற்படுகின்றனவா என்று ஒரே குறியில் கேட்கலாம், வேகமாக இருக்கும். எனக்கு எங்கும் ஓடும் வடிவம் பிடிக்கும்.

இந்த விதியை வம்சாவளிக்காரர்கள் கண்டுபிடிக்கவில்லை. மரபியலாளர் சூவல் ரைட் 1922-இல் உட்கலப்புக் கெழுவை (ஒருவரின் பெற்றோர் எவ்வளவு நெருங்கிய இரத்த உறவு என்பதை அளக்கும் எண்) வரையறுத்தபோது வைத்த நிபந்தனையும் இதுவே. பாதைகள் சரியாகப் பிரிந்திருந்தால் அந்தக் கெழுவும் ஒரே கூட்டலில் வந்துவிடும்: ஒவ்வொரு வரிக்கும் அரையை, இரு தலைமுறைகளின் கூட்டுத்தொகையோடு ஒன்று சேர்த்த அடுக்குக்கு உயர்த்திக் கூட்டுங்கள். பொது முன்னோரே உட்கலப்பில் பிறந்தவரானால் அதற்கும் ஒரு பெருக்கல் உண்டு. இங்கே அதை விட்டுவிடுகிறேன். நான்கு வரிகளுக்கு 0.15625 வருகிறது. பல தலைமுறை பின்னோக்கிச் சென்று கணக்கிட்டு 2009-இல் வெளியான ஆய்வு கார்லோஸுக்குச் சொன்ன மதிப்பு 0.254. ஆழம் கூடக் கூட எண் எவ்வளவு மாறுகிறது என்பதற்காக இதைச் சொல்கிறேன். எத்தனை தலைமுறை பார்த்தோம் என்று சொல்லாமல் உறவு நெருக்கத்தை எண்ணாகச் சொல்பவரை நம்பாதீர்கள்.

எண்ணிலிருந்து முறைக்கு

இரு தலைமுறை எண்களும் வழியும் கையில் வந்தபின் பெயர் சூட்டுவது ஒரு கேஸ் கூற்று. ஒன்று பூச்சியமானால் நேர் முன்னோர். 1, 1 என்றால் உடன்பிறந்தோர். 2, 2 என்றால் இரு உடன்பிறந்தோரின் பிள்ளைகள். 1, 2 என்றால் பெற்றோரின் உடன்பிறப்பு.

1, 2-இல் எந்த உடன்பிறப்பு என்பதைத் தலைமுறை 2 என்று வந்தவரின் வழியில் முதல் எழுத்து சொல்லும். மரியானா மூன்றாம் ஃபெலிப்பேயை அடைந்த வழி 'மஅ'. முதல் எழுத்து 'ம', மறுபுறம் இருப்பவர் ஆண். நான்காம் ஃபெலிப்பே மரியானாவுக்குத் தாய்மாமன். அந்த எழுத்து 'அ'-வாக இருந்து, மறுபுறம் பெண்ணாக இருந்தால் அத்தை. 'அ'-வும் ஆணுமானால் பெரியப்பாவா சித்தப்பாவா என்று தீர்க்கப் பிறந்த ஆண்டுகளை ஒப்பிட வேண்டும். 'ம'-வும் பெண்ணுமானால் பெரியம்மா, சித்திக்கும் அப்படியே. ஆண்டு தெரியாவிட்டால் வினவல் "தந்தையின் சகோதரர்" என்றே சொல்லட்டும். ஊகித்துச் சொல்லும் வினவலை நான் எழுதுவதில்லை.

2, 2-க்கு இரு வழிகளின் முதல் எழுத்தையும் ஒப்பிடுங்கள். இரண்டும் 'அ' அல்லது இரண்டும் 'ம' என்றால் அண்ணன் தம்பி, அக்காள் தங்கை முறை. ஒன்று 'அ' ஒன்று 'ம' என்றால் அத்தை மக்கள், மாமன் மக்கள். அதற்கு மேல் 3, 3 என்றும் 3, 4 என்றும் போகும்போது நான் பெயர் சூட்டுவதை நிறுத்திவிட்டு வழியைச் சொற்களாக்கிக் காட்டுகிறேன்: "தாயின் தந்தையின் தாயின் உடன்பிறப்பு" என்று வாசித்தால் கேட்டவருக்குப் புரியும், சரிபார்க்கவும் முடியும்.

தம்பதியர் இருவரும் பொது முன்னோராக வருவதால் ஒவ்வொரு உறவும் இரண்டு வரியாக வரும். இரு வழிகளிலும் கடைசி எழுத்தை வெட்டிவிட்டு அதைக் கொண்டு குரூப் பை செய்யுங்கள். எண்ணிக்கை 2 என்றால் முழு உறவு, 1 என்றால் ஒரு பெற்றோர் மட்டும் பொது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளா, ஒரு தந்தையின் வேறு மனைவியர் பிள்ளைகளா என்பது வெட்டிய அந்த எழுத்தில் இருக்கிறது.

எல்லா உறவினரும்

ஒருவருக்கு உறவான எல்லாரும் வேண்டும் என்றால் மேலே ஏறி, பிறகு ஏறிய ஒவ்வொருவரிடமிருந்தும் இறங்க வேண்டும்.

வித் ரிகர்சிவ் மேலே (ஆள், தலைமுறை) ஆஸ் (
  செலக்ட் 1, 0
  யூனியன்
  செலக்ட் ப.பெற்றோர்_எண், மே.தலைமுறை + 1
  ஃப்ரம் மேலே மே ஜாயின் பெற்றோர் ப ஆன் ப.பிள்ளை_எண் = மே.ஆள்
  வேர் மே.தலைமுறை < 4
),
கீழே (ஆள்) ஆஸ் (
  செலக்ட் ஆள் ஃப்ரம் மேலே
  யூனியன்
  செலக்ட் ப.பிள்ளை_எண்
  ஃப்ரம் கீழே கீ ஜாயின் பெற்றோர் ப ஆன் ப.பெற்றோர்_எண் = கீ.ஆள்
)
செலக்ட் ஆள் ஃப்ரம் கீழே;

இங்கே இரண்டாம் பகுதியில் தலைமுறையைச் சுமக்கவில்லை, ஆகவே யூனியன் தன் வேலையைச் செய்யும். ஒருவர் ஒருமுறைதான் வருவார். வழி வேண்டுமானால் இந்தப் பட்டியலிலிருந்து ஒருவரை எடுத்து முந்தைய வினவலிடம் கொடுங்கள். இரண்டையும் ஒரே வினவலில் செய்ய முயல்வது வீண் வேலை. மண உறவுக்கு ஒரு தனி "இணை" அட்டவணை வைத்து, பட்டியலின் முடிவில் ஒரே ஒரு படி மட்டும் சேருங்கள். மண உறவையும் சுழலுக்குள் விட்டால் சம்பந்தியின் சம்பந்தி என்று கோப்பு முழுவதும் உறவாகிவிடும்.

பெயர்களும் ஆண்டுகளும்

தமிழில் பெயர்களை ஏற்றுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 'கொ' என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒகரக் குறி ஒரே குறியீடாக, அல்லது ஒற்றைக் கொம்பும் துணைக்காலும் தனித்தனியாக. திரையில் வேறுபாடே தெரியாது. சமக்குறி போட்டு ஒப்பிட்டால் பொருந்தாது. போஸ்ட்கிரெஸ் 13-இலிருந்து நார்மலைஸ் என்ற செயல்பாடு இதைச் சீராக்கும். எஸ்க்யூலைட்டில் அது இல்லை, ஆகவே ஏற்றும்முன் வெளியே செய்துவிடுங்கள். ஔகாரத்தை ஒ, ள என்று இரண்டு எழுத்தாகத் தட்டியிருந்தால் நார்மலைஸாலும் முடியாது. தனியாகத் தேடி மாற்றுங்கள். ஒலிப்பை வைத்துப் பெயர் தேடும் சவுண்டெக்ஸ் ஆங்கில எழுத்துக்கென 1918-இல் காப்புரிமை பெற்ற முறை. தமிழ் எழுத்துக்கு அதனால் பயனில்லை. எழுத்து வேறுபாடுகளை எண்ணும் லெவன்ஷ்டைன் தொலைவு எந்த எழுத்துக்கும் ஓடும்.

ஆனால் ஒரே ஆள் இரு எண்களில் பதிவாகியிருக்கிறாரா என்று தேடும்போது பெயரைவிடக் குடும்பம் நல்ல சாட்சி. இரு நபர்களின் பிறப்பு ஆண்டு வரம்புகள் மேற்படுகின்றன, பிள்ளைகளின் பெயர்களில் குறைந்தது இரண்டு பொருந்துகின்றன என்றால் அந்த இணையை எடுத்துக் காட்டுங்கள். ஒப்பிடும்போது முதல் எண் இரண்டாவதைவிடச் சிறியது என்ற நிபந்தனை போட்டால் ஒரே இணை இருமுறை வராது. கிடைத்தவுடன் அழித்து இணைக்காதீர்கள்; "ஒருவரே" என்று ஓர் அட்டவணையில் இரு எண்ணையும் சான்றோடு எழுதிவையுங்கள். பிரிக்க வேண்டி வந்தால் ஒரு வரியை நீக்கினால் போதும்.

ஆண்டுக்கு இரு புலம் வைத்ததன் பயன் இங்கேதான். முன் புலத்தில் இருக்கக்கூடிய முதல் ஆண்டு, பின் புலத்தில் கடைசி ஆண்டு: "1850 வாக்கில்" என்பதை 1845, 1855 என்று எழுதலாம். "1870-க்கு முன்" என்றால் பின் புலத்தில் மட்டும் 1869. பிள்ளையின் பிறப்பு_பின், தாயின் பிறப்பு_முன்னோடு 12 கூட்டியதைவிடக் குறைவு என்றால் அது ஐயமல்ல, பிழை. பிள்ளையின் பிறப்பு_முன், தாயின் இறப்பு_பின்னைவிட அதிகமானாலும் அப்படியே. தந்தைக்கு மட்டும் ஓராண்டு சலுகை தாருங்கள். காலிப் புலம் உள்ள வரிகள் இந்த ஒப்பீடுகளில் சத்தமில்லாமல் விலகிக்கொள்ளும், அது இங்கே நல்லதுதான். நாட் இன் எழுதும்போது அது நல்லதல்ல: உள் பட்டியலில் ஒரே ஒரு காலி மதிப்பு இருந்தாலும் விடை மொத்தமாகக் காலியாகும். வகையைக் காலியாக விடாதீர்கள் என்று சொன்னதற்கும் இதுவே காரணம்: காலி மதிப்பை நாட் இன்னில் ஒப்பிட்டால் அந்தப் பெற்றோர் வரியே விலகிவிடும்.

வேறு மென்பொருளிலிருந்து கெட்காம் (வம்சாவளி மென்பொருள்கள் தரவைப் பரிமாறிக்கொள்ளும் வடிவம்) கோப்பாக எடுத்து வருபவர்கள் கவனிக்க: அந்த வடிவத்தில் தொடர்பு குடும்பம் என்ற பதிவின் வழியாகப் போகிறது. கணவன், மனைவி, பிள்ளைகள் எல்லாம் குடும்பத்தோடு கட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு பெற்றோர் வரிகளாக அதைப் பிரியுங்கள். தத்து, வளர்ப்பு விவரம் பிள்ளையின் பதிவில் பெடி என்ற குறியில் இருக்கும். பல கோப்புகளில் அது எழுதப்படுவதே இல்லை. அப்போது 'சொல்லவில்லை'.

வரி எதுவும் வராதபோது

பொது முன்னோர் வினவல் காலியாக வந்தால் இருவரும் உறவில்லை என்று சொல்லிவிடாதீர்கள். பதிவில் உறவு தெரியவில்லை என்பதுதான் அதன் பொருள். எவ்வளவு தூரம் தெரியும் என்று பார்க்க ஒவ்வொருவருக்கும் தலைமுறைவாரியாக வரிகளை எண்ணி, இருக்க வேண்டிய எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள்: 2, 4, 8, 16. மூன்றாம் தலைமுறையில் எட்டுக்கு மூன்றுதான் இருக்கிறது என்றால் விடை எவ்வளவு பலவீனம் என்று தெரிந்துவிடும். பிறகு எங்கே பாதை நின்றது என்று கேளுங்கள். மேல் வினவலின் கடைசி செலக்ட்டை இப்படி மாற்றினால் போதும்:

செலக்ட் மே.தொடக்கம், மே.ஆள், மே.வழி
ஃப்ரம் மேல் மே
வேர் நாட் எக்சிஸ்ட்ஸ் (
  செலக்ட் 1 ஃப்ரம் பெற்றோர் ப வேர் ப.பிள்ளை_எண் = மே.ஆள்
)
ஆர்டர் பை மே.தலைமுறை;

பெற்றோர் இருவரும் பதிவாகாதவர்கள் வருவார்கள். ஒருவர் மட்டும் விடுபட்டவர்களுக்கு ப.பங்கு = 'ம' என்று ஒருமுறையும், 'அ' என்று ஒருமுறையும் நிபந்தனை சேர்த்து ஓட்டுங்கள். தலைமுறை எண் குறைவாக உள்ளவர்கள் பட்டியலின் தலையில் இருப்பார்கள். ஆவணங்களில் முதலில் தேட வேண்டியது அவர்களுடைய பெற்றோரைத்தான்.